சித்தப்பாவின் தண்ணீர்க் கிண்ணம்

மழலையர் பள்ளியில் டீச்சருக்கு இது பதினாறாவது வருடம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு. ஆறு மாதமாக அங்கே ஒரு முயலும் இருக்கிறது. அதன் பெயர் சித்தப்பா. "எங்க சித்தப்பாவும் இப்படித்தான், சாப்பிட்டதும் மூலையில படுத்துக்குவாரு" என்று வாயாடி ஒருத்தி சொன்னதில் ஒட்டிக்கொண்ட பெயர்.

முயலைத் துரத்தக் கூடாது. கையை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்து, அதுவாக வரும்வரை காத்திருக்க வேண்டும். இது டீச்சரின் முதல் பாடம். தினம் ஒரு பிள்ளை கிண்ணத்தைக் கழுவித் தண்ணீர் வைப்பது இரண்டாவது.

அந்த வாரம் தண்ணீர் குறையவில்லை. புதன்கிழமை கீரையும் அப்படியே கிடந்தது. மருத்துவர் பார்த்துவிட்டு, நோய் ஏதுமில்லை, தண்ணீர் குடித்தால் சாப்பிடும் என்றார். தலைமை ஆசிரியைக்கு அது போதவில்லை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம் டீச்சர். சரியாகலன்னா குடுத்தவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடலாம். ஏதாவது ஆச்சுன்னா பெத்தவங்களுக்கு நான்தானே பதில் சொல்லணும்?"

வியாழக்கிழமை கிண்ணம் வாயாடியின் முறை. டீச்சர் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சோப்பை எடுத்து இருபதுவரை எண்ணித் தேய்த்தாள். அப்படியே குழாயடியில் பிடித்து, நுரை வழிய நிரப்பி, ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுபோய் வைத்தாள்.

டீச்சர் அந்தத் தண்ணீரில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். சோப்பு கசந்தது. போன வாரம் வகுப்பில் பாதிப் பேருக்குச் சளி. "கைய மாதிரியே கிண்ணத்தையும் சோப்பு போட்டுக் கழுவணும்" என்று சொன்னது அவர்தான். அலசுவதைப் பற்றிச் சொல்லவில்லை. கை கழுவும்போது அலசிவிடுவது எப்போதும் அவர் வேலை.

முயலுக்கு வேறு தண்ணீர் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார்.

"இனிமே நீயே கழுவிடேன். பிள்ளைங்களுக்கு எதுக்குத் தெரியணும்?" என்றார் கணவர்.

"அப்படித்தான் நம்ம பையனுக்கு எல்லாத்தையும் நானே செஞ்சேன். இன்னும் அவன் தட்டைக் கழுவிக்கிட்டிருக்கேன்."

"என் தட்டையும்தான்."

"அதையும் யோசிச்சேன்."

வெள்ளிக்கிழமை காலை இரண்டு கிண்ணங்களை நடுவில் வைத்தார். ஒன்றில் சோப்புத் தண்ணீர். பிள்ளைகள் வரிசையாக முகர்ந்தார்கள். ஒருவன் டீச்சர் தடுப்பதற்குள் நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"இதையா சித்தப்பாவுக்குக் குடுத்தோம்?" என்றாள் வாயாடி.

"ஆமா. அலசணும்னு நான் சொல்லித்தரல."

"அதான் கோச்சிக்கிட்டாரா?"

"அவருக்குக் கோச்சிக்கத் தெரியாது. தாகம் மட்டும்தான் தெரியும்."

வாயாடி கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அலசி அலசி எண்ணினாள். இருபதுக்குப் பிறகு தடுமாறி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். முகர்ந்து பார்த்தாள். பின்னால் நின்றவனிடமும் நீட்டினாள். அவனும் முகர்ந்து தலையாட்டினான். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தலைமை ஆசிரியை வந்தபோது பிள்ளைகள் தரையில், கை மடியில். முயல் வெகுநேரம் கழித்து வந்து குடித்தது.

தலைமை ஆசிரியை கிண்ணத்தைப் பார்த்தார். குழாயடியிலிருந்து கூண்டுவரை குளமாகக் கிடந்த தரையைப் பார்த்தார்.

"இதை யாரு துடைப்பா டீச்சர்?"

"அவங்கதான். அதைத்தான் அடுத்து சொல்லித்தரப் போறேன்."