ஆர்லிஸ் வெட்டச் சொன்ன வரிகள்

மினசோட்டாவின் அந்தச் சின்னக் கல்லூரியில் ஆர்லிஸ் ட்வைட்டின் பதவிக்கு என்னென்னவோ பெயர் இருந்தது. எட்டு வருடமாக அவள் அள்ளியது குப்பை. உலகம் முழுக்கக் கணினிச் செய்திக்குழுக்களில் ஜனங்கள் எழுதித் தள்ளுவதெல்லாம் தொலைபேசிக் கம்பி வழியே வந்து அவளுடைய ஒரே டிஸ்க்கில் இறங்கும். இடம் தீர்ந்தால் இயந்திரமே பழையதை அழித்துவிடும். முன்பு இரண்டு வாரம் தங்கியவை இப்போது மூன்று நாளுக்குமேல் தாங்குவதில்லை.

அறுபது வரிக் கடிதத்தை அப்படியே திரும்ப ஒட்டி, அடியில் "ஆமாம், சரி" என்று எழுதும் மகான்களால் வந்த வினை. அவர்களில் முதல்வர் ஓய்வுபெற்ற மண்ணியல் பேராசிரியர் குபிசெக். வீட்டிலிருந்தே தொலைபேசி வழியாக அவர் மூக்கை நுழைக்காத குழு கிடையாது.

போன வியாழக்கிழமை ஆர்லிஸுக்குப் பொறுமை போய்விட்டது. "பழையதை வெட்டிவிட்டுப் பதில் எழுதுங்கள், இடம் எல்லோருக்கும் பொது" என்று எல்லாக் குழுக்களுக்கும் எழுதினாள்.

அன்றே இன்னொன்றும் எழுதினாள், பதினோரு பேர் மட்டுமே உள்ள ஒரு குழுவுக்கு. இருபது வருடம் பனி தள்ளும் வண்டி ஓட்டிய அவள் கணவர் டுவேனுக்கு நரம்பு நோய். தொண்டை மெல்ல மூடிக்கொண்டு வந்தது. தண்ணீர் குடித்தாலே புரையேறியது. டாக்டர் அடுத்த வாரம்தான் வரச் சொல்லியிருந்தார். அந்தப் பதினோரு வீடுகளிலும் அதே நோய்தான். எப்படித் தண்ணீர் கொடுக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பனிப்புயல், கல்லூரி மூடல். சனிக்கிழமையிலிருந்து டுவேன் ஒரு கோப்பைத் தண்ணீர்கூட முழுசாகக் குடிக்கவில்லை. வீட்டில் கணினி இல்லாத ஆர்லிஸ் திங்கட்கிழமை ஓடிவந்து பார்த்தால், "ஐலீன் சொன்ன முறை எங்களுக்கும் பலித்தது" என்று யாரோ ஒரு வரி எழுதியிருந்தார்கள். அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியான ஐலீனின் கடிதத்தைக் காணவில்லை. ஆர்லிஸின் அறிவுரைக்கு நானூற்றுப் பன்னிரண்டு பதில்கள் வந்து டிஸ்க்கை நிரப்ப, இயந்திரம் பழையதையெல்லாம் துடைத்துவிட்டிருந்தது. திரும்பக் கேட்டால் பதில் வந்துசேர இன்னும் இரண்டு மூன்று நாள் ஆகும்.

அந்த நேரம் பார்த்து குபிசெக் காபியோடு உள்ளே வந்தார்.

"மூணு நாள்னு சொல்லிட்டு ரெண்டே நாள்ல அழிச்சிட்டீங்களே ஆர்லிஸ்?"

"என் கடிதத்துக்கு வந்த பதில்தான் காரணம், புரொபசர். அதுல ஒன்பது உங்களோடது."

"உங்களுக்கு ஆதரவாத்தானம்மா எழுதினேன்!"

"ஒவ்வொண்ணுலயும் என் கடிதத்தை முழுசா ஒட்டியா? போங்க, எனக்குக் கத்தக்கூடத் தெம்பு இல்ல."

அவர் போனபின் அந்தக் குழுவை மறுபடி திறந்தாள். ஐலீனின் கடிதத்தைத் தேடிய அவசரத்தில் கடைசிவரை போகாமல் விட்டிருந்தாள். கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை எழுதியவர் குபிசெக். இங்கேயுமா என்று அலுத்துக்கொண்டே பார்த்தாள். ஐலீனுடைய கடிதத்தின் அறுபது வரிகளும் ஒன்றுகூடக் குறையாமல் அதில் இருந்தன. தண்ணீரைக் கெட்டியாக்குவது எப்படி, எத்தனை தேக்கரண்டி மாவு, தாடையை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்க வைப்பது எப்படி, எல்லாமே. அடியில் குபிசெக்: "அருமையாகச் சொன்னீர்கள்."

ஆர்லிஸ் அழுதுகொண்டே அதைத் தாளில் எழுதிக்கொண்டாள்.

பிறகு நன்றி எழுத உட்கார்ந்தாள். மேலே அந்த அறுபது வரிகள் தானாகவே வந்து நின்றன. வெட்டக் கை போனது. வேறேதோ ஊரில் யாரேனும் தாமதமாக வரக்கூடும் என்று நினைத்து விட்டுவிட்டாள். அடியில் "நன்றி" என்று மட்டும் எழுதினாள். இது ஆயிரக்கணக்கான இயந்திரங்களுக்குப் போகும், நிச்சயமாக அனுப்பவா என்று திரை வழக்கம்போல் கேட்டது.

ஆம் என்று அழுத்திவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.