சுவரில் மாட்டிய பாஸ்வேர்டு

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பாதிக்குப் பாஸ்வேர்டு முன்னறைச் சுவரில்தான் இருக்கும். வருஷப் பிறப்பு ஆராதனையில் ஒரு தட்டு நிறையச் சின்ன அட்டைகளைக் குவித்துக்கொண்டு வருவார்கள். வீட்டுக்கு ஒருவர் பார்க்காமல் கைவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அதில் ஒரு வசனம் அச்சடித்திருக்கும். அந்த வருஷம் முழுவதும் அந்த வீட்டுக்கு ஆண்டவர் கொடுத்த வாக்கு அதுதான். கண்ணாடிச் சட்டத்துக்குள் பழைய அட்டையின் மேலேயே புதியதை வைத்து, நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டிவிடுவார்கள்.

அதிகாரமும் வசன எண்ணும் சேர்ந்தால் நல்ல நம்பர். மறக்காது. வருஷத்துக்கு ஒரு தடவை மாறவும் செய்யும். ஏ.டி.எம். கார்டுக்கு அதுதான், போனுக்கு அதுதான், பிள்ளைகள் போட்டுக்கொடுத்த மெயிலுக்கும் அதுதான். வந்த விருந்தாளி நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்து முடிப்பதற்குள் அந்த வீட்டின் எல்லாப் பூட்டையும் படித்துவிடலாம். நான் பல வீடுகளில் படித்திருக்கிறேன். அதனால் எந்த லாபமும் வந்ததில்லை. என் போனுக்குப் பூட்டே கிடையாது. அதில் எடுத்துக்கொண்டு போக ஒன்றும் இல்லை.

நான் எட்டாம் வகுப்போடு வெளியே வந்தவன். ரப்பர் பால் வெட்டினேன், வளைகுடாவில் வாட்ச்மேனாக நின்றேன், கோட்டயம் பக்கம் டைல்ஸ் ஒட்டினேன், லாட்ஜில் அறை கூட்டினேன். எதுவும் நிலைக்கவில்லை, நானும் நிலைக்கவில்லை. இப்போது கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்க்க வருகிறவர்கள் நடக்கும் பாதையில் ஒரு மடக்கு மேஜை போட்டு போன் உறையும் திரைக் கண்ணாடியும் சார்ஜரும் விற்கிறேன். சரக்கு வடசேரியிலிருந்து வரும். காற்று பலமாக அடித்தால் வியாபாரம் கிடையாது.

இந்த வியாபாரத்தில் உறையைவிட அதிகம் கைமாறுவது அபிப்பிராயம். இந்தக் கம்பெனி போன் சூடாகும், அந்தக் கம்பெனி போன் நாம் பேசுவதை ஒட்டுக்கேட்கும். ரேகைப் பூட்டு நல்லது, முகப் பூட்டு மோசம். தூங்கும்போது பெண்டாட்டி நம் முகத்துக்கு நேரே பிடித்தால் திறந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். சொந்த அனுபவம்போல இருந்தது. பக்கத்தில் சங்கு விற்கிறவன் எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்புத்தான் சொல்வான். "சவத்த, எதுவும் வேண்டாம் டே. பட்டன் போன் வச்சிரு. திருடனுக்கே எரக்கம் வரும்."

என் அக்காவுக்கு அருமனைக்குப் பக்கத்தில் ரப்பர் வெட்டு. புருஷன் இறந்து வெகுகாலம் ஆகிறது. பாலை உறைய வைக்கிற ஆசிட்டில் கை கிடந்து கிடந்து அவள் விரலில் ரேகை இல்லை. ரேஷன் கடை மிஷினும் அறியாது, போனும் அறியாது. அந்த போனை அவளுக்கு வாங்கிக்கொடுத்தது அவளுடைய ஒரே மகன். விரலை ஐந்தாறு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, ஒன்ன ஆளுன்னே இது நம்ப மாட்டேங்குது," என்று சிரித்தான். பிறகு சுவரைப் பார்த்து வசன நம்பரைப் பூட்டாகப் போட்டான். அந்த வருஷம் ஐப்பசி மழையில், கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற வேலை என்று ஒரு ஏஜெண்டு சொன்ன கிழக்கத்தி நாடு ஒன்றுக்கு விமானம் ஏறினான்.

கொஞ்ச நாள் ஒழுங்காகப் பேசினான். பிறகு பேச்சு குறைந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்பே நின்றுவிட்டது. அவன் நம்பருக்கு மணி அடிக்கவில்லை. ஏஜெண்டின் நம்பருக்கும் அடிக்கவில்லை. மனு கொடுத்தோம், வாங்கி வைத்துக்கொண்டார்கள். அந்த நாடுகளில் இப்படிப் போன பயல்களை ஒரு கட்டடத்தில் அடைத்துவைத்து, ஊர் ஊராக போன் செய்து ஏமாற்றுகிற வேலையைக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். எங்கள் பயலும் அங்கேதான் இருக்கிறானா என்று சொல்ல யாரும் இல்லை. அக்காவுக்கு அதன் பிறகு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவன் குரல்.

அதே நாட்களில்தான் போன் மோசடியைப் பற்றிய பேச்சு எங்கள் ஊரில் கிருமிக் காய்ச்சல்போலப் பரவிக்கொண்டிருந்தது. பஸ்ஸில், டீக்கடையில், ஆராதனை முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்தில் எல்லாம் அதுதான். தெரியாத நம்பரை எடுக்காதே. ஓ.டி.பி. சொல்லாதே. போலீஸ் என்று சொன்னால் நம்பாதே. கடைசியில் வந்தது குரல். வெளிநாட்டில் இருக்கிற மகனுடைய குரலையே மிஷின் செய்துவிடும், அம்மா மாட்டிக்கொண்டேன் என்று அழும், நம்பினால் போச்சு. அக்காவின் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார், நல்ல மனுஷி. வீட்டு ஆளுக்கு மட்டும் தெரிந்த ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள், பதில் சரியாக இருந்தால் மட்டும் பேசுங்கள் என்று பெண்கள் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். நல்ல யோசனைதான். நானும் மேஜையில் நின்று பலருக்கு அதையே சொல்லியிருக்கிறேன். என்ன கேள்வி என்பதை அக்காவே முடிவு செய்தாள்.

கோடை விடுமுறைக்கு முன்னால் கன்னியாகுமரியில் கூட்டம் குறைந்தபோது நான் மேஜையை மடக்கி லாட்ஜ் படிக்கட்டின் கீழே போட்டுவிட்டு அருமனைக்கு பஸ் ஏறினேன். ரப்பர் இலை உதிர்ந்து வெட்டு நின்றிருந்த காலம். அக்கா பகலில் வீட்டில் இருந்தாள். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன் குழம்போடு வைத்தாள்.

"ஏலே, நீ போன் விக்கியவன். நான் ஒரு கள்ளனப் பிடிச்சேன், தெரியுமா?"

"உறைதான்க்கா விக்கேன், போன் இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான். கேளு. போன மாசம், நான் துணி காயப்போட்டுட்டு நிக்கேன். போன் அடிச்சிது. வெளிநாட்டு நம்பர். நீளமாட்டு. எடுக்கப்பிடாதுன்னு தெரியும், ஆனா எடுத்தேன். பெத்த வயிறு கேக்குமா? எடுத்தா, கேட்டியா, அச்சு அசல் அவனுக்க குரலு. அம்மான்னுதான் தொடங்கினான்."

நான் சாப்பிடுவதை நிறுத்தினேன். "என்ன சொன்னான்?"

"அம்மா, நாந்தான், கொஞ்சந்தான் பேச ஒக்கும், எனக்க போனை வாங்கி வச்சிட்டானுவ, மாமாட்ட சொல்லின்னு என்னவோ இழுத்தான். சினிமால வாற மாதிரி. நான் விடுவனா? மொதல்ல நம்ம வீட்டு வசனத்தச் சொல்லுன்னேன்."

"வீட்டு வசனமா?"

அக்கா கையால் முன்னறைச் சுவரைக் காட்டினாள். "அதத்தான். வீட்டு ஆளுக்குத்தானே தெரியும். கள்ளன் எங்க கண்டான்? பய அப்பிடியே நின்னுட்டான். அம்மா, இப்ப எதுக்கும்மா வசனம்னான். சொல்லு, சொன்னாத்தான் பேசுவேன்னு கண்டிஷனா நின்னேன். பொறவு ஒரு வசனத்தச் சொன்னான். தப்பு! வை கீழன்னு கட் பண்ணிட்டேன். ஒடனே திரும்ப அடிச்சான். நான் டீச்சரக் கூப்பிட்டேன். அவிய அந்த நம்பர பிளாக் பண்ணித் தந்தாவ."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருக்கிறாள். மகனின் குரலில் வந்த சத்துருவை ஆண்டவர் தம்முடைய வசனத்தாலேயே காட்டிக்கொடுத்தார் என்று. சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொன்னது. பல பெண்கள் தங்கள் வீட்டிலும் அதே கேள்வியை வைத்துக்கொண்டார்கள்.

"நல்ல பேரு எனக்கு," என்றாள். "பால் வெட்டியவளுக்கு இவ்வளவு மூளையான்னு கேக்காவ."

நான் சும்மா, பேச்சுக்காகத்தான் கேட்டேன். "தப்பா என்ன வசனம் சொன்னான்?"

அக்கா சொன்னாள். முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும் ஒரு இடத்திலும் தடுக்காமல், அதிகாரம், எண் எல்லாம் சேர்த்து, குடும்ப ஜெபத்தில் சொல்கிற ராகத்தோடு சொன்னாள்.

"போன்ல ஒரு தடவ கேட்டதுக்கு இவ்வளவு தெளிவா எப்பிடிக்கா மனசுல நின்னுது?"

கேட்ட பிறகுதான் எனக்கும் உறைத்தது. அவளுக்கு எனக்கு முன்னால் உறைத்துவிட்டது. அவள் வாயில் வைக்கப் போன மரச்சீனித் துண்டு கையிலேயே இருந்தது. அந்த வருஷம் அவன் புறப்படும்வரை சாயங்காலம் தோறும் அவர்கள் இரண்டு பேரும் அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து சொன்ன வசனம் அது. அவன் விமானம் ஏறிய அன்று சட்டத்துக்குள் இருந்தது அதுதான். அவன் போன பிறகு வருஷம் பிறந்தது, அக்கா தட்டில் கைவிட்டு வேறொன்றை எடுத்தாள், பழையதன் மேலேயே அதை வைத்தாள். புது வசனம் என்ன என்று அவனுக்குச் சொல்ல வழி இருக்கவில்லை. அவனுக்குத் தெரிந்த வீட்டில் அந்தப் பழைய அட்டைதான் தொங்கிக்கொண்டிருந்தது.

சட்டத்தைக் கழற்றிப் பின்னால் இருப்பதைப் பார்க்க வேண்டிய அவசியம் எங்கள் இருவருக்கும் இருக்கவில்லை.

"மக்கா," என்றாள் அக்கா. என்னையா அவனையா என்று தெரியவில்லை.

நான் அவள் போனை வாங்கி அந்த நம்பரின் தடையை எடுத்துவிட்டேன். திரும்ப அடித்துப் பார்த்தேன். புரியாத பாஷையில் ஒரு பெண் பதிவு செய்த குரலில் ஏதோ சொன்னாள். எத்தனை தடவை அடித்தாலும் அவள்தான் வந்தாள். அக்கா போனை வாங்கிக் காதில் வைத்து அந்தப் பெண்ணிடம், "எனக்க மொவன் இருக்கானா?" என்று கேட்டாள். அந்தக் குரல் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தது.

நம்பரோடு போய் மறுபடி மனு கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள்.

விஷயத்தை டீச்சரிடம் சொன்னபோது அவருக்கு முகம் வெளிறிவிட்டது. பிறகு, அந்தப் பையன் போனில் வீட்டுப் படம் இருந்திருக்கும், சுவர் அதில் விழுந்திருக்கும், போனைப் பிடுங்கிக்கொண்டவன் அதைப் பெரிதாக்கிப் படித்துவிட்டு அவன் குரலையும் செய்திருக்கலாம் என்றார். "நம்பிக்கை வைக்காதீங்க, பொறவு தாங்க மாட்டீங்க," என்றார். அவர் சொல்வதிலும் தவறு இல்லை. வீட்டுக்குள் வந்த யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று நானே நினைத்துச் சிரித்த சுவர்தானே. அது அவனா, மிஷினா, எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழிதான் இருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் பேசியிருக்க வேண்டும். என் காதில் நின்றுபோனது வேறு. மாமாட்ட சொல்லி. என்னிடம் சொல்லி என்ன செய்ய? மேஜையில் நிற்கும்போது, பஸ்ஸில் போகும்போது அந்தப் பாதி வாக்கியத்தை நான் பல விதமாக முடித்துப் பார்க்கிறேன். எந்த முடிவும் என்னால் செய்யக்கூடியதாக இல்லை.

இப்போது அக்கா எல்லா அழைப்பையும் எடுக்கிறாள். கடன் வேண்டுமா, பரிசு விழுந்திருக்கிறது, உங்கள் கார்டு காலாவதி ஆகிறது, எதுவானாலும் எடுக்கிறாள். அவர்கள் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்கிறாள். பிறகு, "நீ எந்த ஊரு மக்கா?" என்பாள். "சோறு தின்னியா? ஒனக்க பக்கத்துல அருமனைக்காரன் ஒருத்தன் இருக்கானா, பாத்துச் சொல்லு." பெரும்பாலும் வைத்துவிடுவார்கள். ஒரு பையன் மட்டும் கொஞ்சம் நின்று, "சாப்பிட்டேம்மா," என்று சொல்லிவிட்டு வைத்தான். இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். சபையில் யாரும் இப்போது அவளுடைய மூளையைப் பற்றிப் பேசுவதில்லை. தெரியாத நம்பரை எடுக்காதே என்று எல்லோரும் சொல்கிறார்கள், அவள் ஆமாம் என்கிறாள்.

வருஷம் பிறந்தது. தட்டு வந்தபோது அவளும் கைவிட்டு ஒன்றை எடுத்தாள். என்ன வந்திருக்கிறது என்று பார்க்காமல் பர்ஸுக்குள் மடித்து வைத்தாள். வீட்டுக்கு வந்து சட்டத்தைக் கழற்றி, மேலே இருந்ததை எடுத்துவிட்டு, அவன் இருந்தபோது இருந்த அட்டையை முன்னால் வைத்து மாட்டினாள். கீழே அச்சடித்திருக்கிற வருஷம் பழையது என்பதால் வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். நானும் கேட்டேன்.

"என்னக்கா, புதுசு வைக்கலியா?"

"அவன் விளிச்சா இதத்தான சொல்லுவான்," என்றாள் அக்கா. "சரியா இருக்கண்டாமா."