எழுதாத தீர்மானத்துக்குக் கீழே

எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வேண்டும் என்பதைத் தீர்மானத்தில் ஏற்றிவிட வேண்டும் என்றுதான் அந்தக் கிராம சபைக்குப் போனேன். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் எங்கள் ஊர். நூறுநாள் வேலைக்குப் போகும் பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் தொடங்கும் முன்பே தீர்மான நோட்டு அவர்களிடையே கைமாறிக்கொண்டிருந்தது. பக்கத்தின் மேல்பாதி காலியாக இருந்தது. எங்கள் ஊர் வழக்கம் அது. முதலில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், தீர்மானத்தைப் பிறகு ஆபீசில் எழுதிக்கொள்வார்கள்.

நான் எழுந்து ஊராட்சிச் செயலரிடம் கேட்டேன். "எழுதி, படிச்சிக் காட்டிட்டு கையெழுத்து வாங்குங்க சார். எங்க தெரு குழா அதுல கீதான்னு தெரியணும்."

"எல்லாம் எழுதிக்கலாம் தம்பி. ஒங்கம்மாவே மொத ஆளா போட்டுட்டாங்க. நீ இன்னா புதுசா?"

"படிச்ச புள்ள, சட்டம் பேசாம எப்டி இருக்கும்?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

நோட்டைப் பார்த்தேன். காலி இடத்துக்குக் கீழே அம்மாவின் பெயர் இருந்தது. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவளுக்குப் பெயரெழுதக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

குழாயைப் பற்றி யாரும் பேசாமலே கூட்டம் முடிந்தது. திரும்பும் வழியில் அம்மா கேட்டாள். "எய்த்து நேரா வந்துகீதாடா?"

"நேராதாம்மா கீது."

வெறும் தாளில் போடாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.