ஜீப் பாதையில் இரண்டு குரல்

காஜா மொய்தீனின் கால்கள் முப்பத்து நான்கு வருடம் ஒரே இடத்தில் நின்றவை. ஜார்ஜ் டவுன் நாசி கண்டார் சோற்றுக்கடையொன்றில், குழம்புச் சட்டிகளுக்குப் பின்னால். நெஞ்சில் ஸ்டெண்ட் வைத்த பிறகு டாக்டர் நடக்கச் சொன்னார். அறுபது வயதில்தான் மனிதர் நடக்கவே பழகினார் என்று மனைவி ரொஸ்னா கேலி செய்வாள்.

விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுத் தண்ணீர்மலைக்குப் போவார். அங்கிருந்து கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதையில் பாதி தூரம், மூச்சு வாங்காத நடை. அந்த நடையில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அதே பாதையில் ஓடுகிறவன் சுகுமாரன். பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை இன்ஜினியர், வயது நாற்பத்து நான்கு. மேலே ஓடுவான், இறங்குவான், மறுபடி ஏறுவான். தாண்டும்போது வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, இதெல்லாம் எக்சர்சைஸ் இல்ல லா. பசாருக்கு மீன் வாங்கப் போற நடை."

"நீ ஓடு தம்பி. நான் மெதுவா வரேன்."

இவ்வளவு பேசியும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது. மலையில் பெயர் கேட்பதில்லை, சொல்லிக் கூப்பிடுவதுமில்லை. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாருக்கும் அந்தப் பயம் பொது. பின்னாலிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் திரும்ப வேண்டும். கண்ணுக்குத் தெரியாதது மூன்று முறை கூப்பிடாதாம்.

நவம்பரில் ஒரு காலை, மழை விட்டுப் பாதையெல்லாம் மூட்டமாக இருந்தது. மேலே ஓடிய சுகுமாரன் திரும்பி, அவரைத் தாண்டி இறங்கி, கீழ் வளைவில் மறைந்தான். அதன்பிறகு ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை.

"காஜா மொய்தீன்."

பின்னாலிருந்து, அவசரமில்லாத குரல். அவர் காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓத ஆரம்பித்தார். ஆயிரம் முறை ஓதியது பாதியில் மறந்துபோனது.

"காஜா மொய்தீன்."

இப்போது தோளுக்குப் பக்கத்தில். மூன்றாவதற்காகக் காத்து நின்றார். வரவில்லை. திரும்பாமல் விறுவிறுவென்று மேலே ஏறினார். நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து முதல்முறையாக மூச்சு இரைத்தது.

கால் மணி நேரம் கழித்து, இறங்கி வந்த சீனர்கள் சிலரோடு சேர்ந்துகொண்டு இறங்கினார். கீழ் வளைவில் சுகுமாரன் நெஞ்சைப் பிடித்தபடி விழுந்து கிடந்தான்.

உயிர் பிழைத்தான். ஆனால் இதயம் பாதிக்குமேல் கெட்டுவிட்டது. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். காஜா மொய்தீனுக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. வார்டில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

"நீ ரெண்டு தரம் கூப்ட்ட தம்பி. பயந்துகிட்டு நான் திரும்பல. மன்னிச்சுக்க."

சுகுமாரன் அவரையே பார்த்தான்.

"நான் கூப்பிடலியே அண்ணே. விழுந்ததும் வாயே திறக்க வரல. ஒங்க பேருகூட இப்ப நர்ஸ் சொல்லித்தான் தெரியும்."

காஜா மொய்தீன் பிடித்திருந்த கையை மெல்ல விட்டார். அந்தக் குரல் எதுவாக இருந்தாலும் அது ஓர் உயிருக்காகக் கூப்பிட்டிருக்கிறது. அதற்கு முதுகைக் காட்டியவர் அவர்தான்.

சுகுமாரன் இனி ஓடக்கூடாது, நடக்கலாம். காஜா மொய்தீன் இன்றும் அதே பாதையில்தான் போகிறார். சில காலைகளில் குரல் கேட்கிறது. முதல் குரலுக்கே திரும்பி, கீழ் வளைவு வரை இறங்கிப் போய்ப் பார்க்கிறார். யாரும் இருப்பதில்லை. மறுபடி ஏறும்போது அவருக்கு மூச்சு இரைக்கிறது.