தகட்டில் வைத்த பொட்டு

போடியில் பழைய வீடியோத் தகடுகளையும் அவற்றை ஓட்டும் கருவிகளையும் துடைத்துச் சீர்செய்வது என் தொழில். போடிமெட்டு ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண் தம் கல்யாணத் தகட்டைக் கொண்டுவந்தார். இறந்த கணவரின் முகம் அதில் மட்டுமே இருந்தது.

பூஞ்சையைத் துடைத்த பின்னும் படம் வரவில்லை. தகட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். ஆண்டுதோறும் கணவரின் திதியன்று அதன் மேல் வைப்பதாக அந்தப் பெண் சொல்லியிருந்த ஈரச் சந்தனப் பொட்டு, படம் பதிந்திருந்த வெள்ளிப்பூச்சை அரித்திருந்தது. அந்த வட்டத்தின் வழியே தெரு தெரிந்தது.

“ஓடுமாண்ணே?”

“மலை ஈரம் தின்னுருச்சு ஆத்தா. இனி ஓடாது.”

அவர் கையை நீட்டினார்.

“சரி, கொண்டாங்கண்ணே. பொட்டு வைக்கவாச்சும் ஆகும்ல.”

முந்தானையில் பொதிந்து எடுத்துச் சென்றார்.

பழுதின் காரணத்தை ஒளிக்காமல் சொல்வதே நேர்மை என்று அதுவரை நம்பியிருந்தேன்.