சுடுதண்ணி குடித்த மெம்பர்

பஞ்சாயத்தில் பெண் ஒருத்தியாவது இருந்தாக வேண்டும் என்று 1960-இல் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வடக்குத்து கிராமத்தை ஒட்டிய அந்தச் சிற்றூரில் எந்தப் பெண்ணும் தேர்தலில் நிற்கவில்லை. தலைவர் சடையப்பன் யோசித்து, காலனியிலிருந்து நடவுக்குப் போகும் தனகோட்டியின் பெயரை நியமன மெம்பராகச் சொன்னார். வாய் திறக்காதவள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சொன்னவருக்கு அவளைத் தெரியாது.

முதல் கூட்டத்தில் அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நாற்காலி ஒன்று காலியாகக் கிடந்தது, உட்கார்ந்துகொண்டாள்.

"தீர்மானம்னா என்னாங்க?" என்று கேட்டாள்.

சொன்னார்கள்.

"மெம்பருங்க யாரு வேணா கொண்டாரலாமா?"

ஆமாம் என்று சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

அப்போது ஊருக்குப் பக்கத்தில் வெட்டிய பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கரிக்கு அடியிலிருந்த நீரைப் பம்பு வைத்து இறைத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தார்கள். மார்கழிக் காலையில் அதிலிருந்து ஆவி கிளம்பும். அது கரித்தண்ணி, குடித்தால் குடல் வெந்துவிடும் என்று பேச்சு. காலனிப் பெண்கள் அதைத் தாண்டி ஏரிக்கரைக் கிணற்றுக்கு நடந்தார்கள். தனகோட்டிக்கு மட்டும் மனசு அரித்துக்கொண்டே இருந்தது. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த கணவன் பெரியண்ணனை நச்சரித்தாள்.

"கரி கருப்பா கீது. தண்ணி மட்டும் எப்பிடி வெள்ளையா வருது?"

"எனக்கென்னா தெரியும்? போயி என்ஜினீயரக் கேளு."

அவன் விளையாட்டாகச் சொன்னான். அவள் மறுநாளே சுரங்க வாசலில் போய் நின்றாள். கோபாலகிருஷ்ணன் என்ற என்ஜினீயர் நின்று பதில் சொன்னார்.

"இது கரிக்கு அடியில மணல்ல இருக்கற தண்ணி, கரி கலக்கல. பூமிக்குள்ள ஆழம் போகப் போகச் சூடு அதிகம்மா. அதான் வெதுவெதுப்பா வருது. நல்ல தண்ணிதான். குவார்ட்டர்ஸ்ல நாங்களும் அதத்தான் குடிக்கிறோம்."

அன்று மாலை காலனிப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, குழாய் வாயில் ஒரு சொம்பு பிடித்துக் குடித்தாள். விடிந்ததும் அவள் வேலைக்குக் கிளம்புகிறாளா என்று ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். கிளம்பினாள்.

அடுத்த கூட்டத்தில் தண்ணீரைக் காலனிக்குக் கொண்டுவரத் தீர்மானம் கேட்டாள். நடுவில் சடையப்பனின் நிலம் இருந்தது. "என் கொல்லைய வெட்டி ஒங்களுக்குக் குழாயா?" என்றார் அவர்.

"ஒரு சந்தேகங்க," என்றாள் தனகோட்டி. "அந்தக் குழாயில ஒங்க கொல்லைக்கும் ஒரு வாய் தொறந்து வுட்டா, கோடையில ஒரு போகம் வெளையுமா?"

சடையப்பன் தீர்மானத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டார். தை பிறக்கும் முன் காலனியில் தண்ணீர் விழுந்தது.

அடுத்த தேர்தலில் யாரும் பெயர் சொல்லக் காத்திராமல் தானே நின்றாள். எதிரே நின்றவர் சடையப்பனின் மைத்துனர் வைத்திலிங்கம். காலனி ஓட்டு மட்டும் போதாது என்று மேலத்தெருவுக்கும் போனாள்.

"ஒனக்கு எதுக்குடி இந்த வேல?" என்று அங்கே பட்டம்மாள் கேட்டாள்.

"உள்ள என்னா பேசிக்கினு இருக்காங்கன்னு தெரியாம வூட்ல குந்தியிருக்க முடியலங்க."

பட்டம்மாள் சிரித்துவிட்டாள். ஓட்டும் போட்டாள். தனகோட்டி ஜெயித்த கையோடு தெருவிளக்குக்குத் தீர்மானம் கொண்டுவந்தாள். இந்த முறை சடையப்பன் எதிர்க்கவில்லை. கம்பத்தை எந்தப் பக்கத்திலிருந்து நடுவது என்று அவளிடமே கேட்டார்.