அம்மாவின் சிவப்புக் கட்டம்

கண்டி டவுனில், ஒரு தேயிலைத் தோட்டக் கம்பெனியின் அலுவலகத்தில் எனக்கு முதல் வேலை. யார் எத்தனை கிலோ கொழுந்து பறித்தார்கள் என்று மாதக் கடைசியில் மென்பொருள் ஒரு ரிப்போர்ட் கக்கும். வெறும் கறுப்பு எழுத்து, பார்த்தாலே கொட்டாவி வரும். நான் விடுவேனா? ஷீட்டில் இறங்கும்போதே கட்டங்களுக்கு நிறம் ஏறுகிற மாதிரி செட் பண்ணினேன். கூடினால் பச்சை, நடுவில் மஞ்சள், குறையக் குறையச் சிவப்பு.

"பார்த்த உடனே விளங்குது மகள்," என்றார் மெனேஜர். அன்றைக்கு என் கால் தரையில் படவில்லை.

சனிக்கிழமை மடுல்கெல்லையில் இருக்கும் வீட்டுக்குப் போனேன். அங்கே எங்கள் கம்பெனியின் தோட்டத்தில்தான் அம்மா கொழுந்து பறிக்கிறார். அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். கூடவே பக்கத்து வீட்டுச் சித்தி.

"வாங்க மேடம்," என்றார் சித்தி. "ஒங்கம்மாவுக்கு நல்லா குங்குமம் அப்பி விட்டிருக்கீங்க. பெரட்டுக்களத்துல ஒட்டியிருக்கு, போய்ப் பாருங்க."

"சும்மா இரு பிள்ள," என்றார் அம்மா.

காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் இடம்தான் பெரட்டுக்களம். அங்கே என் ஷீட் தொங்குகிறது. சிவப்பில் இருப்பவர்கள் திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் நின்று காரணம் சொல்ல வேண்டுமாம். அம்மாவின் கட்டம்தான் இருப்பதிலேயே சிவப்பு.

"ஏம்மா இவ்வளவு கொறைஞ்சிச்சு?"

"போன மாசம் ஏழு நாள் அரைப்பேர்தானே."

மத்தியானத்தோடு வேலையை விட்டால் அரை நாள்தான் பதிவாகும். அதுதான் அரைப்பேர். தோட்டத்து லய வீட்டில் பிறந்த எனக்கு இது தெரியாதா? ரிப்போர்ட்டில் அதற்குத் தனிப் பத்தியே இருந்தது. நான்தான் அதைத் திரும்பியும் பார்க்காமல் மொத்தக் கிலோவுக்கு நிறம் அடித்திருந்தேன்.

ஏன் அரைப்பேர் என்று கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். போன மாதம் எனக்கு டெங்கு. ஏழு நாளும் அம்மா பகல் பஸ் ஏறி, கஞ்சியோடு கண்டி ஆஸ்பத்திரிக்கு வந்தார். அந்தச் சிவப்பு என்னுடைய காய்ச்சல்.

ஞாயிறு முழுக்க லெப்டொப்போடு உட்கார்ந்தேன். அரைப்பேரை அரை நாளாக எண்ணி, ஒரு நாளுக்கு எத்தனை கிலோ என்று கணக்கிட வைத்தேன். இன்னொன்றும் உறைத்தது. எல்லாரும் நன்றாகப் பறித்தாலும், கடைசியில் நிற்பவருக்கு என் செட்டிங் சிவப்பு அடித்தே தீரும். அதையும் மாற்றினேன். தோட்டம் கேட்கிற அளவுக்குக் கீழே போனால் மட்டும்தான் இனிச் சிவப்பு.

மெனேஜருக்குப் போன் போட்டேன். "பிழை என்னோடது சேர். விடிய முந்தி புதுசு ஒட்டணும்."

"ஞாயித்துக்கிழமையும் நிம்மதியா இருக்க விட மாட்டியா?" என்றார். ஆனாலும் புது ஷீட்டைத் தோட்டத்துக்கு அனுப்பி வைத்தார்.

திங்கள் காலை நான் கண்டி பஸ்ஸில் இருந்தபோது அம்மாவின் அழைப்பு வந்தது. "யாரையும் முன்னுக்குக் கூப்பிடல. எனக்கு பச்ச."

"எனக்கு மஞ்சள்!" பின்னால் சித்தியின் சத்தம். "எம்மேல என்ன கோவமாம், கேளு!"

அம்மா சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நேத்தெல்லாம் அந்தப் பொட்டியவே பாத்துக்கிட்டு இருந்தியே. தல வலிக்குதுன்னா சொல்லு, இன்னிக்கும் அரைப்பேரோட எறங்கி வந்துர்றேன்."

"வேணாம்மா," என்றேன். "நல்லாத்தான் இருக்கேன். முழுப்பேரும் பறிச்சிட்டு வீட்டுக்குப் போ."